கொடுத்த பதிலைத் திரும்பப் பெற முடியாது

கைபேசியில் வங்கிச் செயலியைத் திறக்கிறோம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி போவதற்கு முன்னால் வேறொரு கேள்வி போகிறது: இந்தப் பெயருடைய சர்வர் எந்த எண்ணில் இருக்கிறது? பதிலாக ஓர் ஐபி முகவரி வருகிறது. சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் இந்த உரையாடலை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த வங்கிக்கு மும்பையில் ஒரு டேட்டா சென்டரும் சென்னையில் இன்னொன்றும் இருந்தால், வாடிக்கையாளர் எந்த ஊருக்குப் போகிறார் என்பது அந்த நொடியில்தான் முடிவாகிறது. அந்த முடிவை எடுப்பதற்கென்றே விற்கப்படும் கருவிதான் டிஎன்எஸ் லோடு பேலன்சர். எஃப்5, சிட்ரிக்ஸ், ஏ10, இன்ஃபோபிளாக்ஸ் எனப் பல நிறுவனங்கள் இதைப் பெட்டியாகவும், மெய்நிகர் இயந்திரமாகவும் தருகின்றன. துறைக்குள் இதற்கு ஜிஎஸ்எல்பி என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது.

பெயரில் லோடு பேலன்சர் என்று இருப்பதால், டேட்டா சென்டருக்குள் இருக்கும் வழக்கமான லோடு பேலன்சரின் பெரிய அண்ணன் இது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்யும் விதமே வேறு. வழக்கமான லோடு பேலன்சர் வழியாகத்தான் ஒவ்வொரு பாக்கெட்டும் போய் வரும். பின்னாலுள்ள பத்து சர்வர்களில் ஒன்று விழுந்தால், அடுத்து வரும் இணைப்பை உடனே வேறொன்றுக்குத் திருப்பிவிடும். டிஎன்எஸ் லோடு பேலன்சர் வழியாக ஒரு பரிவர்த்தனையும் போவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ரயில் நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் நான்காவது நடைமேடை என்று சொல்லியனுப்பிய பிறகு வண்டி ஏழாவது நடைமேடைக்கு மாறினால், கிளம்பிப் போனவரைக் கவுன்ட்டரில் இருப்பவர் கூப்பிட முடியாது. அதே நிலைதான் இந்தப் பெட்டிக்கும். கொடுத்த பதில், பயனர்களுக்காகப் பெயர்களைத் தேடித்தரும் ரிசால்வர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், போய் அமர்ந்துவிடும். அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. இந்தப் பெட்டியை நிறுவும்போது எடுக்க வேண்டிய முடிவுகளில் முக்கியமானவை எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கையேட்டின் பக்கங்களை மட்டும் வரிசையாகப் பின்பற்றினால், பெட்டி ஓடும். தேவைப்படும் நாளில் உதவாது.

பெட்டிக்கு முன்பு என்ன இருந்தது என்று பார்த்தால், அது ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். வலையமைப்பு வளர வளர அது தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டு தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ், பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஎன்எஸ் அமைப்பை வடிவமைத்தார். அந்த வடிவமைப்பில் ஒரு பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் இருக்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் முகவரிகளின் வரிசையைச் சுழற்றிக் கொடுத்தால் சுமை தானாகப் பிரியும் என்ற எண்ணம் பின்னால் வந்தது. ரவுண்டு ராபின் என்ற அந்த முறையையும் அதையொட்டிய யோசனைகளையும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிரிஸ்கோ 1995இல் ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 1794ஆம் எண் ஆவணமாக எழுதிவைத்தார்.

ரவுண்டு ராபினுக்குச் செலவே இல்லை. ஆனால் அதற்குக் கண்ணும் இல்லை. இரண்டு சர்வர்களில் ஒன்று எரிந்து போனாலும் அதன் முகவரியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கேட்பவர்களும் சுழற்சியை மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது. 2003இல் வந்த ஆர்எஃப்சி 3484, பல முகவரிகள் கிடைத்தால் தன் முகவரியோடு தொடக்க இலக்கங்கள் அதிகம் ஒத்துப்போவதை முதலில் எடுக்கச் சொன்னது. விண்டோஸ் விஸ்டா அதை அப்படியே பின்பற்றியது. சர்வர் சுழற்றிக் கொடுத்த வரிசையைப் பயனரின் கணினி தன் விருப்பப்படி மாற்றி அடுக்கிக்கொண்டது. ஒரே முகவரிக்கே கூட்டம் சேர்ந்தது. இந்த இரண்டாவது சிக்கல் வெளிப்படும் முன்பே, 1990களின் பிற்பகுதியில் வந்த பெட்டிகள் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தன: எந்த மையம் உயிரோடு இருக்கிறது என்று சோதிப்பது, கேட்பவரைப் பார்த்து ஒரே ஒரு முகவரியைப் பதிலாகத் தருவது. சிஸ்கோவின் டிஸ்ட்ரிபியூட்டட் டைரக்டர், எஃப்5இன் 3-டிஎன்எஸ் ஆகியவை அந்தத் தலைமுறை. 1998இல் எம்ஐடியிலிருந்து கிளம்பிய ஆகமாய் நிறுவனம் இதே எண்ணத்தை உலகம் முழுவதும் பரப்பிய ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு விரித்தது.

சரி, பெட்டி வந்திறங்கிவிட்டது. ரேக்கில் ஏற்றுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிறுவனத்தின் டொமைனில் எந்தப் பகுதியை இதன் கையில் கொடுப்பது? முழு டொமைனையும் கொடுக்கலாம். அப்போது அஞ்சல் சர்வர் பதிவு முதல் யாரோ எப்போதோ சேர்த்த சரிபார்ப்புப் பதிவு வரை எல்லாம் இதற்குள் வந்துவிடும். தொடங்குபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கிளையை மட்டும் பிரித்துக்கொடுப்பது பாதுகாப்பானது. எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனைக் கொண்டு பார்ப்போம். அதற்குக் கீழே ஜிஎஸ்எல்பி.எக்ஸாம்பிள்.காம் என்ற கிளையை உருவாக்கி, அந்தக் கிளைக்குப் பொறுப்பு இந்தப் பெட்டிகள்தான் என்று பழைய டிஎன்எஸ் சர்வரில் என்எஸ் பதிவுகள் போட வேண்டும். பிறகு நெட்பேங்கிங் போன்ற பெயர்களைச் சிநேம் பதிவு மூலம் அந்தக் கிளைக்குள் இருக்கும் பெயருக்குச் சுட்டினால் போதும். பெட்டியில் ஏதாவது கோளாறு என்றால் அந்தச் சிநேமை மாற்றிப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மற்ற பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. டொமைனின் உச்சிப் பெயருக்கு, அதாவது முன்னொட்டு எதுவும் இல்லாத எக்ஸாம்பிள்.காமுக்கு, சிநேம் போட நெறிமுறை அனுமதிப்பதில்லை. அந்த இடத்தில் என்எஸ் பதிவும், டொமைனின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் எஸ்ஓஏ பதிவும் இருந்தே ஆக வேண்டும். சிநேம் வேறு எந்தப் பதிவோடும் சேர்ந்து இருக்காது. ஆகவே உச்சிப் பெயருக்கு வருபவர்களை வெப் சர்வரிலேயே முழுப் பெயருக்குத் திருப்பிவிடும் வழியைத்தான் பலரும் கைக்கொள்கிறார்கள்.

பெட்டி ஒன்று போதாது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் அவை ஒன்றுக்குச் சமம். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் நான்கு டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே வலையமைப்புப் பகுதிக்குள் இருந்தன. அதன் வாசலில் இருந்த ரவுட்டரில் செய்த ஓர் அமைப்பு மாற்றம் நான்கையும் சேர்த்துத் துண்டித்தது. வெப் சர்வர்கள் அனைத்தும் நலமாக இருந்தும் மைக்ரோசாஃப்ட், எம்எஸ்என், ஹாட்மெயில் தளங்களைப் பெரும்பாலானோர் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அடைய முடியவில்லை. இத்தனைக்கும் டிஎன்எஸ் சர்வர்களை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு இணைப்புகளின் பின்னால் வைக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2182 அதற்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. மும்பையில் ஒரு பெட்டி, சென்னையில் ஒரு பெட்டி. இரண்டுக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. என்எஸ் பதிவுகளில் இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். வழக்கமான ஆக்டிவ், ஸ்டாண்ட்பை ஜோடி போல ஒன்று விழித்திருக்க மற்றொன்று தூங்கிக்கொண்டிருக்காது. இரண்டும் எப்போதும் பதில் சொல்லும். ரிசால்வர் எந்தப் பெட்டியைக் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும்.

ரேக் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு பவர் சப்ளைகளையும் வெவ்வேறு மின் பாதைகளில் சொருக வேண்டும். கன்சோல் கேபிள் வழியாக முதலில் நுழைந்து மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு ஒரு முகவரி கொடுத்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, லைசென்ஸை ஏற்றி, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். இதில் இரண்டு இடங்களில் மட்டும் நிதானிக்க வேண்டும். முதலாவது, மேனேஜ்மென்ட் பக்கம் இணையத்திலிருந்து ஒருபோதும் எட்டக்கூடாது. 2020 ஜூலை தொடக்கத்தில் எஃப்5 பெட்டிகளின் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஒரு பலவீனம் வெளியானது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகுந்து கட்டளை இட முடிந்த அதற்குத் தீவிரத்தன்மை மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து. அந்தப் பக்கத்தைத் தனி வலையமைப்புக்குள் பூட்டி வைத்திருந்தவர்கள் நிதானமாகப் பேட்ச் போட்டார்கள். திறந்து வைத்திருந்தவர்கள் மீது சில நாட்களுக்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

இரண்டாவது, கடிகாரம். நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியை அமைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் வழக்கம் உண்டு. பல தயாரிப்புகளில் இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் சான்றிதழ் சரிபார்த்துத்தான் பேசிக்கொள்கின்றன. நேரம் தவறினால் சான்றிதழ் செல்லாது என்று ஒன்றை ஒன்று ஒதுக்கிவிடும். டிஎன்எஸ் சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறப் பயன்படுத்தும் டிசிக் கையொப்பமும், வழக்கமாக 300 விநாடிகளுக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் ஏற்கப்படாது.

ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு நிறுத்திவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பழைய டிஎன்எஸ் நெறிமுறையில் யுடிபி பதில் 512 பைட்டுகளுக்கு மேல் போகாது. பின்னால் வந்த நீட்டிப்பு அந்த வரம்பைத் தளர்த்தினாலும், பதில் நீண்டுவிட்டால் அதைக் கத்தரித்து, டிசிபியில் மறுபடி கேள் என்று சர்வர் சொல்லும் முறை இன்றும் உண்டு. டிசிபி மூடியிருந்தால் அந்தப் பயனர் அங்கேயே நின்றுவிடுவார். பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்யும், சிலருக்கு மட்டும் காரணம் தெரியாமல் வேலை செய்யாது. தேடிக் கண்டுபிடிக்க ஆகக் கடினமான கோளாறு இந்த வகைதான். கூடவே, பெட்டி தனக்குப் பொறுப்பான பெயர்களுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். ஊர்பேர் தெரியாதவர் கேட்கும் எந்தப் பெயரையும் தேடித்தரும் ரிகர்ஷன் வசதியை அணைத்துவிட வேண்டும். 2013 மார்ச்சில் ஸ்பேம்ஹவுஸ் அமைப்பின் மீது பாய்ந்த பெருந்தாக்குதல், இப்படித் திறந்து கிடந்த டிஎன்எஸ் சர்வர்களைக் கொண்டே நடத்தப்பட்டது.

இனி பெட்டியின் உள்ளே. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் மாறினாலும் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். டேட்டா சென்டர்கள், அவற்றுக்குள் சர்வர்கள் அல்லது அங்குள்ள லோடு பேலன்சரின் முகவரிகள், அவற்றைச் சேர்த்த பூல், பூலைச் சுட்டும் பெயர். எந்த முறையில் தேர்வு செய்வது என்று கேட்கும்போது பெட்டி நீளமான பட்டியலை நீட்டும்: சுழற்சி, எடை, குறைந்த சுமை, குறைந்த தாமதம், புவியிடம், முதலாமவர் விழுந்தால் இரண்டாமவர். தரவுத்தளம் ஒரே நேரத்தில் ஓர் ஊரில் மட்டும்தான் எழுத அனுமதிக்கிறது என்றால் கடைசி முறையைத் தவிர மற்ற எதையும் தொடக்கூடாது. இரண்டு ஊரிலும் எழுத முடியும் என்றாலும்கூட, பயனர் மும்பையில் லாகின் செய்து, அடுத்த பதிலில் சென்னைக்குப் போனால் அவருடைய செஷன் அங்கே தெரியுமா என்று செயலியை எழுதியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருவரை ஒரே மையத்தோடு ஒட்டிவைக்கப் பெட்டியில் இருக்கும் வசதி ஓரளவுக்கே உதவும். காரணம், பெட்டிக்குப் பயனர் தெரிவதில்லை.

இது பலருக்கு வியப்பாக இருக்கும். பெட்டியிடம் வந்து கேட்பது பயனரின் கைபேசி இல்லை. அவருக்காகக் கேட்கும் ரிசால்வர். மதுரையில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டு ரிசால்வர் ஒன்றைப் பயன்படுத்தினால் பெட்டி அவரை வெளிநாட்டவராகவே நினைக்கும். இதற்கு மருந்தாக 2016இல் ஆர்எஃப்சி 7871 வந்தது. பயனர் முகவரியின் முதல் பகுதியை மட்டும், ஐபி நான்கில் வழக்கமாக முதல் 24 பிட்டுகளை, ரிசால்வர் கேள்வியோடு சேர்த்து அனுப்பலாம். கூகுளின் பொது ரிசால்வர் அனுப்புகிறது. தனிமறைவைக் காரணம் காட்டி கிளவுட்ஃபிளேர் அனுப்புவதில்லை. எனவே புவியிடத் தேர்வு தோராயமானது என்ற தெளிவோடுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

தோராயமாக இருந்தாலும் அது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு விக்கிப்பீடியா நல்ல சான்று. விக்கிமீடியா அறக்கட்டளை விலைகொடுத்து வாங்கிய பெட்டி எதையும் வைத்திருக்கவில்லை. ஜிடிஎன்எஸ்டி என்ற திறமூல மென்பொருளைத் தன் சர்வர்களில் ஓட்டுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த மையங்களோடு 2018இல் ஆசிய வாசகர்களுக்காகச் சிங்கப்பூரில் ஒன்றைச் சேர்த்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ திறந்தால், கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போகாமல் பொதுவாகச் சிங்கப்பூரிலிருந்தே பக்கம் வருவதற்கு டிஎன்எஸ் தரும் பதில்தான் காரணம். பராமரிப்புக்காக ஒரு மையத்தை ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் ஒரு கோப்பில் அந்த மையம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் ஜிடிஎன்எஸ்டிக்குப் போதும். அந்த மையத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு இனி அடுத்து அருகிலுள்ள மையத்தின் முகவரி போகும். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். விலையுயர்ந்த பெட்டியை வாங்குபவர்களும் இந்த அளவுக்கு எளிய அமைப்பில் தொடங்குவதே நல்லது.

இப்போது இந்தப் பெட்டியின் உயிர்நிலைக்கு வருவோம். ஒரு மையம் செத்துவிட்டது என்று எப்போது முடிவெடுப்பது? பிங்குக்குப் பதில் வருகிறதா என்று பார்ப்பது எளிது. ஆனால் வெப் சர்வர் மென்பொருள் விழுந்து கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். 443ஆம் போர்ட் திறக்கிறதா என்று பார்ப்பது அதைவிடச் சற்று மேல். போர்ட் திறந்து, உள்ளே போனால் பிழைப் பக்கம் வரலாம். ஆகவே ஒரு பக்கத்தைக் கேட்டு, அதில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கென்று செயலி அணியிடம் ஒரு தனிப் பக்கத்தைக் கேட்டு வாங்குவது வழக்கம்.

அந்தப் பக்கம் எவ்வளவு ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்பதில்தான் அனுபவசாலிகளே கருத்து மாறுபடுகிறார்கள். தரவுத்தளத்தைத் தொட்டு, எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையைத் தொட்டு, எல்லாம் சரியென்றால் மட்டும் நலம் என்று சொல்லும் பக்கம் மிக நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் இரு ஊருக்கும் பொதுவான எஸ்எம்எஸ் சேவை ஐந்து நிமிடம் தடுமாறினால், இரண்டு மையங்களும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாகப் பெட்டி நம்பும். என் கருத்தில், அந்த மையத்துக்கு மட்டுமே உரியவற்றைத்தான் அந்தப் பக்கம் சோதிக்க வேண்டும். இரு மையங்களுக்கும் பொதுவானது கெட்டால் ஊர் மாறிப் போவதால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாமே செத்துவிட்டன என்று பெட்டி நம்பும்போது என்ன பதில் சொல்ல வேண்டும்? அமைப்புப் பக்கத்தில் எங்கோ மூலையில் இருக்கும் இந்தக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் நடந்தது இதற்கு மிக நெருக்கமானது. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அவர்களுடைய உலகளாவிய முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. விளிம்பில் இருந்த டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி இருந்தது: டேட்டா சென்டர்களோடு பேச முடியாவிட்டால் தாங்களே நோயுற்றதாகக் கருதி, இணையத்துக்குத் தங்கள் முகவரியை அறிவிப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கோளாறு என்றால் அருமையான விதி. அன்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அது செயல்பட்டது. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் உலகத்தில் எவராலும் அவற்றை எட்ட முடியவில்லை. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இல்லாமல் போயின.

2025 அக்டோபரில் அமேசானின் வர்ஜீனியா மண்டலத்தில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். டைனமோடிபி சேவைக்குப் பின்னால் பெரும் எண்ணிக்கையில் லோடு பேலன்சர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எவ்வளவு எடை என்று ஒரு தானியங்கி திட்டம் போடும், வேறு சில தானியங்கிகள் அந்தத் திட்டத்தை டிஎன்எஸ் பதிவில் எழுதும். எழுதுபவற்றில் ஒன்று தாமதமாகிப் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. அதே சமயம் இன்னொன்று பழைய திட்டங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தது. பழையது என்று நடப்பில் இருந்ததையே நீக்கியது. விளைவு, முகவரி ஒன்றுகூட இல்லாத வெற்றுப் பதிவு. தானியங்கியால் அதிலிருந்து மீள முடியவில்லை. மனிதர்கள் வந்து கையால் சரிசெய்தார்கள். சர்வர்கள் எல்லாம் நலமாக இருந்தபோதே, அவற்றைச் சார்ந்த ஏராளமான சேவைகள் உலகம் முழுவதும் நின்றுபோயின.

ஆகவே, மையங்களின் நலத்தைச் சோதிக்கும் எல்லா மானிட்டரும் சிவப்பு காட்டினாலும் பெட்டி ஏதாவது ஒரு முகவரியைத் தந்தே ஆக வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இதற்கு ஓர் இறுதிப் புகலிட அமைப்பு உண்டு. முதன்மை மையத்தின் முகவரியை அதில் எழுதிவைக்கலாம். எல்லாம் ஒரே கணத்தில் செத்துவிட்டன என்று பெட்டி சொல்கிறதென்றால், செத்தது பெரும்பாலும் பெட்டியின் பார்வைதான். உண்மையிலேயே எல்லாம் செத்திருந்தால் தவறான முகவரி கொடுப்பதால் கூடுதல் இழப்பு ஒன்றுமில்லை. வெற்றுப் பதிலைக் கொடுத்தால் அதுவும் கேஷில் தங்கும். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 இல்லை என்ற பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளும் முறையை வரையறுத்தது. எவ்வளவு நேரம் என்பதைப் பெரும்பாலும் எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை ஒரு மணி நேரம் என்று யாராவது வைத்திருந்தால், கோளாறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தாலும் பலருக்குத் தளம் ஒரு மணி நேரம் இருக்காது.

இல்லை என்ற பதிலில் இன்னொரு பொறி இருக்கிறது. இன்றைய கைபேசிகள் ஒரு பெயருக்கு ஐபி நான்கு முகவரியையும் ஐபி ஆறு முகவரியையும் கேட்கின்றன. பெட்டியில் ஐபி நான்கு மட்டும் இருந்தால், அந்தப் பெயர் உண்டு, இந்த வகைப் பதிவு மட்டும் இல்லை என்று அது சொல்ல வேண்டும். சில பழைய லோடு பேலன்சர்கள் அந்தப் பெயரே கிடையாது என்று சொல்லிவிட்டன. கேட்ட ரிசால்வர் அதை நம்பி ஐபி நான்குக்கும் பெயர் கிடையாது என்று முடிவு கட்டியது. இப்படிப்பட்ட தவறுகளைத் தொகுக்கவே 2005இல் ஆர்எஃப்சி 4074 என்ற தனி ஆவணம் எழுத வேண்டி வந்தது. புதிய பெட்டியிலும் இதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து டிடிஎல். பதிலை எத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டி ஒவ்வொரு பதிலோடும் சொல்லும் எண் இது. கொடுத்த பதிலைத் திரும்பப் பெற முடியாது என்ற நிலையில் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. கணக்கு எளிது: பத்து விநாடிக்கு ஒருமுறை சோதனை, மூன்று முறை தொடர்ந்து தோற்றால் செத்தது என்று முடிவு, டிடிஎல் 30 விநாடி என்றால், மையம் விழுந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பெரும்பாலோர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தோல்வியில் முடிவெடுத்தால் நேரம் குறையும். ஆனால் இணைப்பில் சிறு தும்மல் வந்தாலும் லட்சக்கணக்கானவர்களை ஊர்விட்டு ஊர் மாற்றும் பெட்டியாகிவிடும். டிடிஎல்லைச் சுழியமாக வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் ஒவ்வொரு கேள்வியும் பெட்டி வரை வரும். பெட்டி ஒரு நிமிடம் எட்டாமல் போனாலும் கேஷில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. 30 முதல் 60 விநாடி தொடங்குவதற்கு நல்ல இடம்.

எல்லோரும் டிடிஎல்லை மதிப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய ஜாவா பதிப்புகளில் செக்யூரிட்டி மேனேஜரோடு ஓடும் செயலிகள், வேறு அமைப்பு தராவிட்டால், ஒருமுறை பெற்ற முகவரியைச் செயலியை மறுபடி தொடங்கும்வரை வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே திறந்து நிற்கும் டிசிபி இணைப்புகள் டிஎன்எஸ் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கியோடு பேசும் கூட்டாளி நிறுவனங்களின் சர்வர்கள்தான் இதில் வழக்கமாக மாட்டுபவை. அவர்களிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டிலிருந்து பெட்டிக்கு மாறும் நாளுக்கு ஒரு முன்வேலை உண்டு. பழைய பதிவின் டிடிஎல் 86,400 விநாடி, அதாவது முழு ஒரு நாள் என்று இருந்தால், மாற்றத்துக்கு ஒரு நாளுக்கும் முன்னதாகவே அதை 60 ஆகக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிய பிறகும் ஒரு நாள் பழைய முகவரிக்கே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். டிக் என்ற கட்டளையைக் கொண்டு இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாக, வெளி வலையமைப்பிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும்: யுடிபியில், டிசிபியில், ஐபி ஆறு பதிவுக்கு, இல்லாத ஒரு பெயருக்கு. டொமைன் டிஎன்எஸ்செக் கையொப்பம் பெற்றதென்றால் கிளைக்கும் கையொப்பம் வேண்டும். கேட்பவரைப் பார்த்து மாறும் பதிலுக்குப் பெட்டி அவ்வப்போதே கையொப்பம் இட வேண்டியிருக்கும், அதன் சாவிக் குறிப்பைத் தாய் டொமைனில் பதியவும் வேண்டும். முதல் முறை நிறுவுபவர்கள் இதைப் பெட்டி நிலைபெற்ற பிறகு தனி வேலையாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் மாற்ற வேண்டியது நெட்பேங்கிங் போன்ற பெரிய பெயரை அல்ல. ஊழியர்களுக்கான விடுப்பு விண்ணப்பத் தளம் போன்ற ஒன்றை மாற்றி ஒரு வாரம் பார்க்கலாம்.

கடைசியாக, உண்மையிலேயே ஒரு மையத்தை வீழ்த்திப் பார்க்க வேண்டும். பெட்டியின் திரையில் முடக்கு என்ற பொத்தானை அழுத்துவது இந்தச் சோதனைக்கு ஈடாகாது. அதில் மானிட்டர் சோதிக்கப்படுவதில்லை. முன்னறிவிப்போடு ஒரு ஞாயிறு அதிகாலையில் மும்பையின் வெப் சர்வர்களை நிறுத்திவிட்டு, மும்பையின் பழைய முகவரிக்கு இன்னும் எத்தனை பேர் வந்து தட்டுகிறார்கள் என்பதை ஃபயர்வால் பதிவில் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடத்தில் எண்ணிக்கை செங்குத்தாக விழும், பிறகு மெல்லிய வால் போல நீளும். அந்த வாலில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். டிடிஎல்லை மதிக்காத செயலிகளும், முகவரியை நிரந்தரமாக எழுதிவைத்த கூட்டாளிகளும் அந்தப் பட்டியலில்தான் அகப்படுவார்கள்.

மும்பை மறுபடி எழுந்ததும் பெட்டி தானாகவே அங்கே திரும்பட்டும் என்று வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மானிட்டர் பச்சை காட்டலாம். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் சென்னையில் எழுதப்பட்ட பரிவர்த்தனைகள் மும்பைத் தரவுத்தளத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தனவா என்று அந்தப் பச்சை விளக்குக்குத் தெரியாது. தானாகத் திரும்பும் வசதியை அணைத்து, மையம் எழுந்தாலும் மனிதர் ஒருவர் சேர்க்கும்வரை ஒதுங்கி நிற்கும்படி அமைக்க வேண்டும். தரவுத்தள அணி இரு பக்கக் கணக்கும் ஒத்துப்போவதைச் சரிபார்த்து எழுத்தில் தந்த பிறகு, கூட்டம் குறைந்த நேரத்தில் மும்பையைப் பூலில் திரும்பச் சேர்க்கலாம்.